சும்மா இருக்கும் விஎம் சிபியுவைத் தின்றால்: சரிசெய்வதா, நிறுத்தி வைப்பதா, மாற்றுவதா?

பெங்களூரில் சின்ன ஆபீஸ்களுக்குள் நுழைந்தால் இந்த அமைப்பை அடிக்கடி பார்க்கலாம். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் லினக்ஸில் இருப்பார்கள். கணக்குப் பிரிவுக்கு மட்டும் டாலி, ஜிஎஸ்டி தாக்கல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று வரிசையாக வேலை இருக்கும். அதற்கு விண்டோஸ் இருந்தால்தான் நிம்மதி. அந்த ஒரு தேவைக்காகத் தனிக் கம்ப்யூட்டர் வாங்க மனம் வராமல், மேஜைக்கு அடியில் கிடக்கும் மினி பிசியில் ஒரு விண்டோஸ் விஎம் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டுவிடுவார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பெட்டியின் ஃபேன் மட்டும் ஓய்வதில்லை. உள்ளே யாரும் இல்லை, டாலிகூட திறந்திருக்கவில்லை. ஆனாலும் ஹோஸ்டில், அதாவது விஎம்மைத் தாங்கும் மினி பிசியின் லினக்ஸில், எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டால், விஎம்மை ஓட்டும் க்யூஎமு புராசஸ் 30, 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்து என்பார் ஒருவர். விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரையே மாற்று என்பார் இன்னொருவர். விஎம்மை விட்டு டாக்கர் கன்டெய்னருக்குப் போ, சிபியுவுக்கு வரம்பு போடு, வேலை முடிந்ததும் சேவ் செய்து வை, மெஷின் அமைப்பில் டைமரைத் திருத்து... எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியான யோசனைகள்தான். உங்கள் இடம் எது என்று தெரியாமல் ஒன்றைப் பிடித்தால் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும், ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 வாட் கூடுதலாக ஆண்டு முழுக்க இழுத்தால் 87.6 யூனிட். கரண்ட் பில்லில் அது பெரிய தொகை இல்லை. வலிப்பது வேறு இடத்தில்: கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரம் குறையும், லேப்டாப்பில் பேட்டரி மதியத்துக்குள் இறங்கும், கிளவுடில் என்றால் நேரடியாகப் பணம். இந்த மூன்றில் உங்களுக்கு எது வலிக்கிறது என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும்.

முதலில் இரண்டு எண்கள்

விஎம்முக்குள் என்ன காட்டுகிறது, வெளியே ஹோஸ்டில் என்ன காட்டுகிறது? இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் எந்த வழியையும் தேர்வு செய்ய வேண்டாம்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் எல்லா கோர்களையும் சேர்த்து 100 சதவீதம் என்று கணக்கிடும். லினக்ஸ் ஹோஸ்டில் டாப் கட்டளை ஒரு கோரைத்தான் 100 என்று வைக்கும். அதனால் நான்கு விசிபியு (விஎம்முக்குக் கொடுக்கும் போலி கோர்) கொடுத்த விஎம்முக்குள் 25 சதவீதம் என்றால் வெளியே அது 100 ஆகத் தெரியும். அதில் தவறு ஏதும் இல்லை. உள்ளே 3 சதவீதம் என்றால் வெளியே 12 வரை எதிர்பார்க்கலாம். உள்ளே 3, வெளியே 40 என்றால்தான் விஷயம் இருக்கிறது: நடுவில் உள்ள 28 சதவீதத்தை கெஸ்டுக்குள், அதாவது விஎம்மில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள், இருக்கும் எந்த புரோகிராமும் தின்னவில்லை. விஎம்மை விஎம்மாக நடத்துவதற்கே ஹோஸ்ட் அதைச் செலவிடுகிறது.

பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். விஎம்மின் திரையை விண்டோவில் திறந்து வைத்து, அதற்குள் டாஸ்க் மேனேஜரின் வரைபடம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வெளியே அளந்தால், அந்த வரைபடத்தை வரைகிற செலவும் கணக்கில் சேரும். திரையை மூடிவிட்டு வெளியே அளந்து பாருங்கள். இன்னொன்று, விஎம்மை ஆன் செய்தவுடன் அளக்காதீர்கள். பல நாள் அணைந்திருந்த விண்டோஸ் எழுந்ததும் அப்டேட் தேடும், டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், டாட்நெட் தன் கோப்புகளை கம்பைல் செய்யும். அரை மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள்.

விண்டோஸில் இதைவிட வேடிக்கையான ஒன்றும் உண்டு. ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ் என்ற பராமரிப்பு வேலை, மெஷின் சும்மா இருக்கும்போதுதான் தொடங்கும். யாராவது மௌஸை அசைத்தால் நின்றுவிடும். நாம் எட்டிப் பார்த்த உடனே நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுமுன், அதன் வழக்கமான நேரமான அதிகாலை 2 மணியோடு உங்கள் ஹோஸ்டின் வரைபடம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. அது ராத்திரி கொஞ்ச நேரம் ஓடி ஓய்ந்துவிடுகிறது என்றால் விட்டுவிடலாம், நோய் எதுவும் இல்லை.

இரண்டு எண்களும் கையில் வந்த பிறகு, அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை அந்த விஎம்மைப் பயன்படுத்துபவரிடம் கேளுங்கள். நான் பார்த்த ஓர் ஆபீஸில் கணக்கு பார்க்கும் அக்கா சொன்ன பதில் இது: "தம்பி, அந்த மெஷினை நான் மாசத்துல நாலஞ்சு நாள்தான் தொடுவேன். மத்த நாள் அது எதுக்கு ஓடுதுன்னே எனக்குத் தெரியாது." டைமர் அமைப்பைத் திருத்தத் தயாராக எடிட்டரைத் திறந்து வைத்திருந்த பையன் அதை மூடிவிட்டான்.

நிறுத்தி வைப்பது: மலிவான வழி, பலர் மதிக்காத வழி

அதனால் இந்த வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி. அந்த நாட்களை ஒட்டித்தான் விஎம்முக்கு வேலை. மற்ற நாட்களில் அது ஓடவே வேண்டாம் என்றால், ஓடும்போது எவ்வளவு தின்கிறது என்ற கேள்வியே சின்னதாகிவிடும்.

நிறுத்துவதில் மூன்று வகை உண்டு. பாஸ் செய்தால் சிபியு பூஜ்யமாகும், ஆனால் ராம் அப்படியே பிடிபட்டிருக்கும். சேவ் செய்தால் ராமில் உள்ளதெல்லாம் டிஸ்க்குக்குப் போய், ராமும் விடுபடும். திறந்து வைத்த கோப்புகள் திறந்தபடியே திரும்ப வரும். முழுதாக ஷட்டவுன் செய்தால் எல்லாம் சுத்தம், ஆனால் மறுபடி பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும், அதோடு மேலே சொன்ன அப்டேட் ஆட்டமும் திரும்ப வரும். 16 ஜிபி ராம் உள்ள மினி பிசியில் 8 ஜிபியை விஎம்முக்குக் கொடுத்திருந்தால் பாஸைவிட சேவ்தான் புத்திசாலித்தனம். லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் மேனேஜ்டுசேவ், விர்ச்சுவல்பாக்ஸில் சேவ் ஸ்டேட், ஹைப்பர்-வியில் சேவ். எல்லாவற்றிலும் இருக்கிறது.

இதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேவ் செய்து எழுப்பிய விஎம்மில் கடிகாரம் பின்தங்கி நிற்கலாம். நேரம் தவறினால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும், ஆதென்டிகேட்டர் செயலி தரும் எண்களும் ஒத்துவராது. ஹோஸ்டோடு பேசும் கெஸ்ட் ஏஜெண்டை விஎம்முக்குள் நிறுவி, எழுப்பியதும் நேரத்தை ஒத்திசைக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. யுஎஸ்பி டோக்கனை விஎம்முக்குக் கடத்தியிருந்தால் அதையும் மறுபடி இணைக்க வேண்டிவரும். கணக்கு பார்ப்பவருக்கு அது எரிச்சல் தரும். ஆனாலும் மாதத்தில் சில நாள் மட்டும் தேவைப்படும் விஎம்முக்கு இதை அடிக்க வேறு வழி இல்லை என்பது என் கருத்து. எந்த அமைப்பையும் தொடவில்லை, எதுவும் உடையாது, நாளைக்கே தொடங்கலாம்.

ராத்திரி பகலாக ஓடியே ஆகவேண்டிய விஎம் என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

உள்ளே சுத்தம் செய்வது

இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றன, இரண்டும் அதிகம் என்றால் கெஸ்டுக்குள்தான் யாரோ வேலை செய்கிறார்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கமும், லினக்ஸில் டாப்பும் பெயரைச் சொல்லிவிடும். விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர், டிஃபெண்டர், லினக்ஸில் தானாக ஓடும் அப்டேட் வேலைகள், க்னோமின் டிராக்கர் ஆகியவை வழக்கமான ஆட்கள். பெரும்பாலும் இவை முடிந்து தானாகவே ஓயும். கணக்கு விஎம்மில் கோப்புத் தேடல் யாருக்கும் தேவையில்லை என்றால் இண்டெக்ஸரை நிறுத்தலாம். டிஃபெண்டரை மட்டும் நிறுத்தாதீர்கள். வங்கிப் பரிமாற்றமும் கையெழுத்து டோக்கனும் புழங்கும் இடம் அது.

லினக்ஸ் கெஸ்டில் பலர் கவனிக்காத ஒன்று டெஸ்க்டாப். விஎம்முக்கு 3டி வசதி இல்லாவிட்டால் க்னோம் ஷெல் தன் திரையை எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக சிபியுவிலேயே வரையும். ஒரு கர்சர் கண் சிமிட்டினால்கூட அதற்குச் செலவு. டெர்மினல் மட்டும் போதும் என்ற விஎம்மில் டெஸ்க்டாப்பே வேண்டாம். வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எளிமையான ஒன்று போதும். வைட்ஃபீல்டு பிஜி அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விஎம்மில் உபுண்டு படிக்கும் பையன்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரும்பாலும் போதும்.

எப்போதாவது, எந்த புராசஸின் மேலும் பழி போட முடியாத விபரீதமும் நடக்கும். 2012இல் உலக நேரத்தில் ஒரு நொடி கூட்டும் லீப் செகண்டைச் சேர்த்தபோது, நம் நேரப்படி ஜூலை 1 ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்களில் ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரு வேலையும் இல்லாமல் சிபியுவைத் தின்னத் தொடங்கின. காரணம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் டைமர் பகுதியில் இருந்த பிழை. தேதியை அதே தேதிக்கு மறுபடி அமைத்தாலே அடங்கிவிட்டது. ரீபூட் செய்து பார் என்ற பழைய அறிவுரையை நான் கிண்டல் செய்வதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ரீபூட்டுக்கு முன்னால் டாப் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி வரும்போது ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பட்டியலில் கின்சிங், கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பெயர்கள் இருந்தால் ஒப்பீடெல்லாம் அங்கேயே முடிந்தது. அவை கிரிப்டோ மைனிங் செய்யும் தீநிரல்கள். டாக்கரின் 2375 போர்ட்டையோ கடவுச்சொல் இல்லாத ரெடிஸ் டேட்டாபேஸின் 6379 போர்ட்டையோ இணையத்துக்குத் திறந்து வைத்தால் வீடு தேடி வருபவை. அந்த புராசஸைக் கொன்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் மூலமாக மறுபடி எழும். சுத்தம் செய்ய முயலாமல், தேவையான தரவை மட்டும் எடுத்துக்கொண்டு விஎம்மை அழித்துப் புதிதாகப் போடுங்கள். அதில் இருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றுங்கள்.

உள்ளே அமைதி, வெளியே சூடு: டைமர்களின் கதை

உண்மையான 'சும்மா இருக்கும் விஎம்' பிரச்சினை இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வேலை இல்லாதபோது சிபியுவிடம் ஹால்ட் என்று சொல்லிப் படுத்துவிடும். விஎம்மில் அந்த ஹால்ட், ஹைப்பர்வைசரிடம் போகும். ஹோஸ்ட் அந்த விசிபியுவை ஓரங்கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கும். இதுவரை செலவு இல்லை. செலவு எழுப்புவதில்தான். கெஸ்ட் தனக்கென வைத்த கடிகார டிக் ஒவ்வொன்றும் ஹோஸ்டைத் தொட்டு, விசிபியுவை எழுப்பி, 'வேலை இருக்கிறதா?' என்று பார்க்கவைத்து, மறுபடி படுக்கவைக்கிறது. மதியம் கண்ணயர்ந்தவரை விடாமல் காலிங் பெல் அடித்து எழுப்பிக்கொண்டே இருப்பது போலத்தான். எழுந்து கதவைத் திறப்பதிலேயே களைத்துவிடுவார்.

எத்தனை முறை எழுப்புகிறது என்பது கெஸ்டைப் பொறுத்தது. லினக்ஸ் 2.6 வந்தபோது எக்ஸ்86 மெஷின்களில் நொடிக்கு 1000 டிக் இருந்தது. 2005இல் 2.6.13 பதிப்பில் இயல்பு மதிப்பு 250 ஆனது. 2007இல் 2.6.21 பதிப்பில் வேலை இல்லாதபோது டிக்கையே நிறுத்தும் டிக்லெஸ் முறை வந்தது. அதனால் இன்றைய லினக்ஸ் கெஸ்ட் இந்த வகையில் பெரும்பாலும் நிரபராதி. பழைய சென்ட்ஓஎஸ் 5ஐ இன்னும் விஎம்மில் உயிரோடு வைத்திருப்பவர்கள் பூட் வரியில் டிவைடர்=10 என்று சேர்த்தால் டிக் பத்தில் ஒன்றாகக் குறையும்.

விண்டோஸின் இயல்பான டிக் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அதாவது நொடிக்கு 64. ஆனால் எந்த புரோகிராம் வேண்டுமானாலும் 'எனக்கு 1 மில்லிசெகண்ட் துல்லியம் வேண்டும்' என்று கேட்கலாம். கேட்டால் நொடிக்கு 1000 ஆகிவிடும். பிரவுசர், வீடியோ கால் செயலி எல்லாம் இப்படிக் கேட்பவை. திறந்து வைத்து மறந்துபோன ஒரு பிரவுசர் டேபே காரணமாக இருக்கலாம். யார் கேட்டார்கள் என்று தெரிய, அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை எனர்ஜி என்ற விருப்பத்தோடு ஓட்டினால் ஒரு அறிக்கை தரும். அதில் பெயர் இருக்கும்.

சரி, நொடிக்கு 64 டிக் மட்டும்தான் என்றாலும் 40 சதவீதம் எப்படி வரும்? இங்கேதான் விஎம்மின் போலி வன்பொருள் வருகிறது. லினக்ஸ் கெர்னலின் ஹைப்பர்வைசரான கேவிஎம் தன் லோக்கல் ஏபிக் டைமரைக் கெர்னலுக்குள்ளேயே கவனித்துக்கொள்ளும், செலவு குறைவு. எச்பிஇடி, ஆர்டிசி என்ற பழைய டைமர்கள் க்யூஎமுவுக்குள் இருப்பவை. ஒவ்வொரு தடவையும் கெர்னலைத் தாண்டி அங்கே போய் வரவேண்டும். விண்டோஸுக்குத் தான் விஎம்மில் இருப்பதே தெரியாவிட்டால் இந்தப் பழைய டைமர்களைப் பிடித்துத் தொங்கும்.

தெரியப்படுத்தும் வழிக்கு ஹைப்பர்-வி என்லைட்டன்மென்ட்ஸ் என்று பெயர். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசர் தரும் வசதிகளை கேவிஎம் அப்படியே நடித்துக் காட்டும். விண்டோஸ் அதை நம்பி சிக்கனமான டைமருக்கு மாறும். விஎம்மின் அமைப்புக் கோப்பான லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் கடிகாரப் பகுதியில் ஹைப்பர்விகிளாக் இருக்கவேண்டும், எச்பிஇடி 'இல்லை' என்று இருக்கவேண்டும். அம்சங்கள் பகுதியில் ரிலாக்ஸ்டு, விஏபிக், ஸ்பின்லாக்ஸ் ஆகியவற்றோடு விபிஇண்டெக்ஸ், சினிக், எஸ்டைமர் மூன்றும் வேண்டும். கடைசி மூன்றும் ஒன்றை ஒன்று சார்ந்தவை: சினிக் இல்லாமல் எஸ்டைமர் வராது, விபிஇண்டெக்ஸ் இல்லாமல் சினிக் வராது. சும்மா இருக்கும்போது குறைவது பெரும்பாலும் எஸ்டைமரால்தான். பல வழிகாட்டிகள் முதல் மூன்றோடு நின்றுவிடுவதால், 'எல்லாம் போட்டேன், குறையவில்லை' என்ற புலம்பல் கேட்கும்.

விஎம்மை உருவாக்கும்போதே கெஸ்ட் விண்டோஸ் என்று சரியாகத் தேர்ந்திருந்தால் விஎம்களை உருவாக்கி நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரும் ப்ராக்ஸ்மாக்ஸும் இவற்றில் பலவற்றைத் தாமாகவே சேர்த்துவிடும். 'ஜெனரிக்' என்று அவசரத்தில் தேர்ந்த விஎம்களில்தான் பெரும்பாலும் குறை. அதனால் முதலில் எக்ஸ்எம்எல்லைத் திறந்து எது இல்லை என்று பாருங்கள்.

மாற்றிய பிறகு கெஸ்டுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. க்யூஎமு புராசஸ் செத்துப் புதிதாகப் பிறந்தால்தான் புது அமைப்பு வரும், அதனால் முழு ஷட்டவுன் வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுன் என்ற பெயரில் கெர்னலை உறையவைத்துச் சேமிப்பது. வன்பொருள் மாறியிருக்கும்போது பழைய கெர்னல் எழுந்தால் வம்பு. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுனை அழுத்தினால் முழுதாக அணையும்.

அடுத்த சந்தேக நபர் யுஎஸ்பி டேப்லெட். கிராஃபிக்ஸ் திரையில் மௌஸ் சரியாக நகர்வதற்காகத் தானாகச் சேர்க்கப்படும் போலிக் கருவி இது. அதற்காக யுஎஸ்பி கன்ட்ரோலர் விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும், அதுவும் பழைய யுஎச்சிஐ வகை என்றால் நொடிக்கு 1000 முறை. ரிமோட் டெஸ்க்டாப்பில் மட்டுமே நுழையும் விஎம்முக்கு இது தேவையே இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் டேப்லெட் 0 என்று ஒரு வரியில் எடுத்துவிடலாம். ஆடியோ கருவியும் கணக்கு விஎம்முக்கு எதற்கு? அதையும் எடுங்கள். நான்கு விசிபியுவை இரண்டாக்குங்கள். எழுப்புவதற்கு ஆள் குறைந்தால் செலவும் குறையும். டாலிக்கு இரண்டு தாராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹோஸ்டில் சிஸ்டம் நேரம், அதாவது கெர்னலுக்காகச் செலவாகும் சிபியு, கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் அது ஹால்ட் போலிங் ஆக இருக்கலாம். விசிபியு படுத்ததும் உடனே விட்டுவிடாமல், 'இதோ எழுந்துவிடும்' என்று கேவிஎம் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே காத்திருக்கும். எக்ஸ்86இல் அந்த நேரத்தின் இயல்பான உச்சம் 200,000 நானோசெகண்ட். இது பிழை இல்லை. நெட்வொர்க் பதில் வேகமாக வரவேண்டும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் அந்த நேரத்தை அமைக்கும் ஹால்ட்_போல்_என்எஸ் மதிப்பைப் பூஜ்யமாக்குவேன். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் தொடமாட்டேன்.

மாற்றம் பலித்ததா என்று தெரிய கேவிஎம்_ஸ்டாட் என்ற கருவி போதும். நொடிக்கு எத்தனை முறை கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குத் தாவல் நடக்கிறது என்று ஓடும் எண்ணாகக் காட்டும். சும்மா இருக்கும் விஎம்மில் அது பல ஆயிரங்களில் இருந்தால் டைமரோ கருவியோ பாக்கி இருக்கிறது. ஒன்று மாற்றுங்கள், அளங்கள், அப்புறம் அடுத்தது. ஐந்தையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, எது மௌஸைக் கெடுத்தது என்றும் தெரியாது.

ஹைப்பர்வைசரையே மாற்றுவது

லினக்ஸ் ஹோஸ்டில் கேவிஎம் இருக்கிறவர்களுக்கு இந்த வழி வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது உண்மையான கேள்வி. விஎம் விண்டோவின் கீழ்ப்பட்டியில் பச்சை ஆமை படம் தெரிகிறதா? தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே கீழே உட்கார்ந்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறிப் போகிறது என்று பொருள். வேகம் குறையும், சிபியு ஏறும்.

ஹைப்பர்-வியை அணைத்தால் ஆமை போய்விடும். ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2ம் அதோடு போய்விடும். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பையும் நிறுத்த வேண்டிவரும். எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பெல்லந்தூரிலோ கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் அந்த ஸ்விட்ச் உங்கள் கையிலேயே இருக்காது, ஐடி பிரிவு பூட்டியிருக்கும். அப்போது எதிர்நீச்சல் போடாமல் விஎம்மை ஹைப்பர்-விக்கு மாற்றுவதே நல்லது. விண்டோஸ் ப்ரோவில் அது இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. ஹோம்காரர்கள் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைப் பார்க்கலாம். 2024 நவம்பரிலிருந்து நிறுவனங்களுக்கும் அது இலவசம். டிஸ்க் கோப்பை மாற்றுவது, நெட்வொர்க் பெயர்கள் மாறுவது, விண்டோஸ் கெஸ்ட் என்றால் மறுபடி ஆக்டிவேஷன் கேட்பது என்று அரை நாள் போகும். தினமும் அந்த விஎம்மில் உட்காருகிறவருக்கு அரை நாள் பெரிய விலை இல்லை.

விஎம்மையே விடுவது, வரம்பு போடுவது

லினக்ஸ் ஹோஸ்டில் லினக்ஸ் சேவை ஒன்றை ஓட்டத்தான் விஎம் என்றால் கன்டெய்னருக்குப் போய்விடுங்கள். ஹோஸ்டின் கெர்னலிலேயே தனியாகப் பிரித்து ஓட்டும் முறை அது; அதற்குத் தனிக் கெர்னல் கிடையாது, தனி டிக் கிடையாது. சும்மா இருந்தால் உண்மையிலேயே சும்மா இருக்கும். மேக்கிலும் விண்டோஸிலும் இந்த வாதம் செல்லாது, ஏனென்றால் அங்கே டாக்கர் டெஸ்க்டாப்பே ஒரு விஎம்முக்குள்தான் ஓடுகிறது. டபிள்யூஎஸ்எல் 2ம் விஎம்தான். டாஸ்க் மேனேஜரில் விஎம்மெம் என்று சிபியுவைத் தின்றுகொண்டு நிற்பது அதுவே. டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் கோர்களைக் குறைக்கலாம், வேலை முடிந்ததும் ஷட்டவுன் கட்டளை கொடுக்கலாம். டாலிக்கு இந்த வழி கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிபியு வரம்பு போடுவது எனக்குப் பிடிக்காத வழி. விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸிக்யூஷன் கேப் என்று 50 சதவீதம் வைத்தால் வரைபடம் அழகாக இறங்கும். காரணம் அப்படியே இருக்கும், வேலை செய்யும்போது விஎம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரே சர்வரில் பலருடைய விஎம்கள் இருந்து, ஒன்று மற்றவர்களைப் பட்டினி போடுகிறது என்றால் மட்டும் தற்காலிகமாகப் போடலாம்.

கிளவுடில் கணக்கே வேறு

அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் டி3.மைக்ரோ என்ற சின்ன விஎம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பவருக்கு மேலே சொன்னதில் பாதி கிடையாது. ஹோஸ்ட் உங்களுடையதல்ல, டைமரையும் டேப்லெட்டையும் தொட முடியாது. உள்ளே சுத்தம் செய்வது, நிறுத்துவது, அளவை மாற்றுவது என்று மூன்றே வழிகள். முதலில் டாப்பில் எஸ்டி என்ற பத்தியைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் உங்கள் விசிபியு ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்டில் முறை கிடைக்கவில்லை என்று பொருள்.

இங்கே சும்மா இருக்கும் சிபியுவுக்கு நேரடி விலை உண்டு. டி3.மைக்ரோவுக்கு மணிக்கு 12 கிரெடிட் கிடைக்கும்; ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது. இரண்டு விசிபியுவுக்கும் சேர்த்துப் பார்த்தால் தலா 10 சதவீதம்தான் அனுமதி. டி3 வகையில் அன்லிமிடெட் முறை இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, பில் ஏறும். லினக்ஸுக்கு ஒரு விசிபியு-மணிக்கு 0.05 டாலர். மெஷின் ஒரு வேலையும் இல்லாமல் 30 சதவீதத்தில் நிற்கிறது என்று வைப்போம். தலா 20 சதவீதம் மிகை, இரண்டு விசிபியுவுக்கு மணிக்கு 0.4 விசிபியு-மணி, அதாவது 0.02 டாலர். 30 நாளில் 14.40 டாலர். மெஷினின் சொந்த வாடகையையே அது தாண்டிவிடும்.

டெஸ்ட் மெஷின் என்றால் அன்லிமிடெட்டை ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். கிரெடிட் தீர்ந்தால் மெஷின் மெதுவாகும், பில் ஏறாது, ஏதோ தவறு என்று உங்களுக்கும் உடனே தெரியும். வாடிக்கையாளர் பார்க்கும் மெஷின் என்றால் அன்லிமிடெட்டிலேயே விட்டு, அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச்சில் சிபியு கிரெடிட் பேலன்ஸுக்கு ஓர் அலாரம் வையுங்கள். அந்தக் கோடு ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே போனால் எஸ்எஸ்எச்சில் நுழைந்து டாப்பைப் பாருங்கள். காரணம் அங்கே பெயரோடு நிற்கும். அது கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்றால் என்ன செய்யவேண்டும் என்று மேலேயே சொல்லியாயிற்று.